சிலை இறங்கிய பிறகு

எங்கள் கடலூரில் குண்டு சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. சற்றுத் தள்ளி குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர். வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரப் பிள்ளைகள் இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிப்பார்கள். "சிரிக்காதீங்கடி, வெள்ளைக்காரன் சுட்ட குண்டு விழுந்த ஊரு அது" என்பாள் அப்பாயி. யார் சுட்டது, எதற்குச் சுட்டது என்று கேட்டால், "அதெல்லாம் எனக்கு முந்தி" என்று வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிடுவாள்.

அவளுக்கு மட்டுமல்ல, அவளுடைய பாட்டியின் பாட்டிக்கும் முந்திய கதை அது. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதைப் பீரங்கி முடிவு செய்யும் என்பது ஒப்பந்தம். கோட்டையிலிருந்து நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு போய் விழுந்த தொலைவுக்குள் இருந்த ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாயின. கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். அப்போது சென்னையில் கம்பெனியின் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான்.

விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையில் ஒரு பத்திரம் இருந்தது. குண்டு விழுந்த ஊர்களில் அன்றைக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும், அடுப்பில் உலை வைத்திருந்தவர்களுக்கும் தாங்கள் கைமாறிய செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்? அதைப் பத்திரத்தில் தேட முடியாது. ஊர்ப் பெயரின் முன்னால் ஒட்டிக்கொண்ட ஒரு சொல்தான் மிச்சம். முன்னூற்று முப்பது வருஷங்களாக டவுன் பஸ்ஸின் பலகையிலும் ரேஷன் கார்டிலும் அந்தச் சொல் வந்துகொண்டிருக்கிறது.

ஒரு நாடு தன் காலனியக் கடந்தகாலத்தைப் பொதுவெளியில் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த முதல் பதில் இதுதான்: பெரும்பாலும், நினைவில் வைத்திருக்கிறோம் என்ற நினைவே இல்லாமல். சொல்லில், தெருப் பெயரில், சட்டப் பிரிவில் அது பாட்டுக்கு இருக்கும். யாரோ ஒருவர் வந்து "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்கும்போதுதான் சண்டை தொடங்கும்.

*

என் முனைவர் பட்ட ஆய்வு நடுகற்களைப் பற்றியது. கல் நடுவதைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்திருக்கிறது. ஏற்ற கல்லைக் கண்டு தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடியும் வரிசை அது. நட்ட கல்லைப் பிடுங்குவதற்கு அந்த வரிசையில் ஒரு படியும் கிடையாது. எங்கள் இலக்கணத்துக்குக் கல்லை நடத்தான் தெரியும்.

ஆய்வுக்காகச் செங்கம், தருமபுரிப் பக்கம் அலைந்த நாட்களில் ஒன்று புரிந்தது. கல் கிடைத்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஆண்கள். ஆநிரை கவர்ந்தோ மீட்டோ, போரிலோ விழுந்தவர்கள். பெண்ணுக்குக் கல் கிடைத்த இடங்களில் பெரும்பாலானவை சதிக்கற்கள். கல்லாக வேண்டுமானால் ஆண் கொன்றிருக்க வேண்டும் அல்லது கொல்லப்பட்டிருக்க வேண்டும். பெண் எரிந்திருக்க வேண்டும். பிரசவத்தில் செத்தவளுக்கும் பஞ்சத்தில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டுத் தான் பட்டினி கிடந்து செத்தவளுக்கும் கல் இல்லை.

இந்தப் பழக்கத்தோடு சென்னையின் சிலைகளைப் பார்க்கத் தொடங்கியபோது, அவை எனக்கு வேறு விதமான நடுகற்களாகத் தெரிந்தன. மவுண்ட் ரோட்டில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ இன்றும் இருக்கிறார். அதே சாலையில் நின்று, பிறகு இறக்கப்பட்ட இன்னொரு சிலை உண்டு. தமிழ் மக்கள் அதை நீலன் சிலை என்றார்கள்.

ஜேம்ஸ் நீல் ஸ்காட்லாந்தின் ஏர் என்ற ஊரில் பிறந்தவன். மெட்ராஸ் பியூசிலியர்ஸ் படையின் தளபதி. 1857 ஜூன் மாதத்தில் காசியிலும் அலகாபாத்திலும் அவனுடைய படை நடத்திய பழிவாங்கலை ஆங்கிலேய வரலாற்றாசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சாலையோர மரங்களில் ஆட்களைத் தொங்கவிட்டார்கள். ஊர்களுக்குத் தீ வைத்தார்கள். ஓட முடியாத கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும் அந்தத் தீயில் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் நீல் சுடப்பட்டுச் செத்தான். சில ஆண்டுகளுக்குள் சென்னையில் அவனுக்கு வெண்கலச் சிலை எழுந்தது. வங்காளத்தில் கலகத்தின் வெள்ளத்தை முதலில் தடுத்தவன் என்று பீடத்தில் புகழ்ந்திருந்தார்கள்.

மக்கள் பணத்தில் எழுப்பப்பட்டது என்பார்கள். அந்த மக்கள் யார் என்று நான் என் மாணவர்களிடம் கேட்பதுண்டு.

*

நீலைப் பற்றிப் பேசினால் கான்பூரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அவனை நியாயப்படுத்த எப்போதும் கொண்டுவரப்படும் சாட்சி கான்பூர்தான்.

1857 ஜூலை 15ஆம் தேதி, கான்பூரில் பீபிகர் என்ற வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ 200 பேர். உடல்களைப் பக்கத்திலிருந்த கிணற்றில் போட்டார்கள். இதை விடுதலைப் போரின் பெயரால் சின்னதாக்குவது எனக்கு ஆகாது. சிறைப்பட்ட பெண்களையும் கைக்குழந்தைகளையும் கொன்றது கொலைதான். எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் கொலை.

ஆனால் தேதிகளைக் கவனிக்க வேண்டும். அலகாபாத்தில் நீலின் படை ஊர்களைக் கொளுத்தியது ஜூனில். பீபிகர் நடந்தது ஜூலையில். ஆங்கிலப் பெண்களுக்கு நேர்ந்ததற்கான பழிவாங்கல் என்று பிற்காலத்தில் சொல்லப்பட்ட கொடுமைகளில் பெரும்பகுதி, அந்தப் பெண்கள் உயிரோடு இருந்தபோதே தொடங்கிவிட்டது. பழி முன்னால் வந்தது, காரணம் பின்னால் வந்தது. வந்த காரணம் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற காரணமாக இருந்தது: எங்கள் பெண்கள்.

கான்பூருக்கு வந்து சேர்ந்த நீல், பிடிபட்டவர்கள் அந்த வீட்டின் இரத்தக் கறையைத் துடைத்த பிறகே தூக்கிலிடப்பட வேண்டும் என்று ஆணையிட்டான். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. உயர்சாதிக்காரர்களுக்கு இது சாவைவிடப் பெரிய தண்டனை என்று தெரிந்தே போட்ட ஆணை. இரத்தத்தைத் துடைப்பது இழிவு என்றும், அந்த இழிவு ஒரு பிரிவினருக்கே உரியது என்றும் இங்கே நிலவிய எண்ணத்தை அவன் அப்படியே எடுத்துக்கொண்டான். காலனியம் சாதியை ஒழிக்க வந்தது என்று சொல்கிறவர்களுக்கும், சாதியைக் காலனியம்தான் உண்டாக்கியது என்று சொல்கிறவர்களுக்கும் இந்த ஓர் ஆணையைப் படித்துக் காட்டலாம். அவனுக்குச் சாதி ஒரு கருவி. கருவி ஏற்கெனவே கூர்மையாக இருந்தது.

கிணற்றை மூடி அதன்மேல் நினைவிடம் கட்டினார்கள். மரோச்செட்டி என்ற சிற்பி செதுக்கிய தேவதை ஒன்றை நிறுத்தினார்கள். சுற்றிலும் தோட்டம். அனுமதிச் சீட்டு இல்லாமல் இந்தியர்கள் உள்ளே போக முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகு தேவதையைத் தேவாலய வளாகத்துக்கு மாற்றினார்கள். தோட்டம் நானாராவ் பூங்கா ஆனது. ஒரு தரப்பு தன் இறந்தவர்களுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்தது. இன்னொரு தரப்பு பூட்டைத் திறந்து தன் தலைவன் பெயரைச் சூட்டியது. இரண்டுக்கும் நடுவில், அந்தப் பெண்களோடு பேச யாருக்கும் நேரமில்லை.

பீபிகர் என்றால் பீபியின் வீடு. ஆங்கில அதிகாரி ஒருவர் தம்மோடு வாழ்ந்த இந்தியப் பெண்ணுக்காகக் கட்டிய வீடு என்று சொல்லப்படுகிறது. வீட்டுக்கே பெயர் தந்த அந்தப் பெண்ணின் பெயரை எந்தத் தரப்பும் காப்பாற்றி வைக்கவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் நினைவுக்கு வரும். மதுரையில் நீதி கேட்டவள் கண்ணகி. அவளுக்குக் கல் எடுக்க வேண்டும் என்று சேரன் செங்குட்டுவன் வடக்கே படையோடு போகிறான். கனகனையும் விசயனையும் வென்று, இமயக் கல்லை அவர்கள் தலையிலேயே ஏற்றிக் கொண்டுவருகிறான். ஒரு பெண்ணின் துயரம் ஓர் அரசனின் வெற்றி ஊர்வலமாக மாறுவதைப் பாடம் நடத்தும்போது, வகுப்பின் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு மௌனம் வரும். "மேம், கண்ணகி இதைக் கேட்டாளா?" என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள். அந்தக் கேள்வியைக் கான்பூர்க் கிணற்றின் மேலும் எழுதி வைக்கலாம்.

*

1927இல் நீலன் சிலைக்கு எதிராகச் சத்தியாகிரகம் தொடங்கியது. சோமயாஜுலு முன்னின்றார். திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் தொண்டர்கள் வந்தார்கள். சுத்தியலோ கோடரியோ எடுத்துப் போய்ச் சிலையை அடிப்பது, கைதாவது, சிறைக்குப் போவது. மறுநாள் அடுத்தவர் வருவார். காந்தி ஆதரித்தார், அகிம்சை வழுவக் கூடாது என்ற நிபந்தனையோடு. சிலையை அகற்றக் கோரும் தீர்மானம் மாகாணச் சட்டசபையில் தோற்றது.

சிறைக்குப் போனவர்களில் எங்கள் ஊர்க்காரி ஒருவர் உண்டு. கடலூர் முதுநகர் அஞ்சலையம்மாள். 1890இல் பிறந்தவர். அப்போது அவருக்கு 37 வயது இருக்கும். கணவர் முருகப்பனும் போராட்டத்தில் இருந்தார். அம்மாக்கண்ணு என்ற தம் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார் அஞ்சலையம்மாள். அந்தப் பெண் பத்து வயதை ஒட்டிய சிறுமி. தாய் சிறைக்குப் போனார், மகள் சிறுவர் இல்லத்துக்குப் போனாள். சென்னைக்கு வந்த காந்தி சிறுமியைப் பார்த்தார். அவளுக்கு லீலாவதி என்று பெயர் சூட்டினார். பிறகு அவள் அவருடைய ஆசிரமத்துக்குப் போய்ப் படித்தாள்.

அஞ்சலையம்மாள் அதற்குப் பிறகும் பல முறை சிறை சென்றார். ஒரு முறை நிறைமாதமாக இருந்தபோது சிறையில் இருந்தார். பிரசவத்துக்கு வெளியே விட்டார்கள். பெற்றுவிட்டுக் கைக்குழந்தையோடு திரும்பிப் போய் மிச்சத் தண்டனையை அனுபவித்தார். அந்தப் பிள்ளையை ஊர் ஜெயில் வீரன் என்று அழைத்தது. பேறுகால விடுப்பு என்ற சொல்லை நான் கேட்கும்போதெல்லாம் இவர் நினைவு வரும். பிள்ளை பெற்ற ஈரம் காயாத உடம்போடு வேலூர் போன்ற ஒரு சிறையின் சிமெண்டுத் தரையில் படுப்பது என்றால் என்ன என்று, பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பாடத்திட்டக் குழுவில் இருந்தேன். விடுதலைப் போராட்டமும் தமிழ் உரைநடையும் என்ற அலகில் அஞ்சலையம்மாளைப் பற்றி ஒரு கட்டுரை வைக்கலாம் என்று சொன்னேன். மூத்த பேராசிரியர் ஒருவர் அன்போடுதான் பதில் சொன்னார்: "அம்மா, பெண்கள் பங்குன்னு ஒரு தலைப்பு இருக்கு. அதுல நாலஞ்சு பேரோட சேர்த்துப் போட்டுடலாம்." அப்படியே போட்டார்கள். ஐந்து பெயர்கள், நடுவில் நான்கு காற்புள்ளிகள், கடைசியில் 'முதலியோர்'. அந்த 'முதலியோர்' என்ற சொல்லை நான் தமிழ் இலக்கணத்திலேயே கொடுமையான சொல்லாகக் கருதுகிறேன்.

2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் நடந்த புதிய கட்சியின் மாநாட்டில் வேலு நாச்சியாருக்கும் அஞ்சலையம்மாளுக்கும் வானளாவிய கட் அவுட் வைத்தார்கள். மறுநாள் என் வகுப்பில் பாதிப் பேர் கைப்பேசியில் அவரைத் தேடியிருந்தார்கள். பாடத்திட்டம் செய்யாததை ஒரு கட் அவுட் செய்தது என்று எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கட் அவுட்டில் இருப்பவர் பேச மாட்டார். அவரை வைத்துப் பேச எல்லோருக்கும் வசதி.

*

1937இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை வந்தது. நீலன் சிலை மவுண்ட் ரோட்டிலிருந்து இறங்கி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. அந்த ஆண்டுத் தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்குப் போயிருந்தவர்களில் அஞ்சலையம்மாளும் ஒருவர். தன்னைச் சிறைக்கு அனுப்பிய சிலை இறங்குவதை உறுப்பினராகப் பார்க்கும் வாய்ப்பு உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்!

இன்றும் சிலை அங்கே இருக்கிறது. கன்னிமாரா நூலகத்தில் படித்த காலத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வளாகத்தில் நடப்பேன். 2001 டிசம்பரில் மெரினாவிலிருந்து எடுக்கப்பட்ட கண்ணகி சிலையும் அதே அருங்காட்சியகத்துக்குத்தான் வந்தது. 2006இல் திரும்பக் கடற்கரைக்குப் போகும்வரை இங்கேதான். பெண்களை எரித்த படையின் தலைவனும், ஊரையே எரித்த பெண்ணும் ஒரே மதிலுக்குள் சில ஆண்டுகள். அரசுக்கு இரண்டும் அப்போதைக்கு வேண்டாத சிலைகள், அவ்வளவுதான்.

சிலையை இறக்கியது சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வரலாற்றை அழிக்கிறார்கள் என்ற கூச்சல் எப்போதும் சிலை இறங்கும்போதுதான் கேட்கும். ஏறும்போது எந்த வரலாறு அழிந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. நீலின் சிலை ஏறியபோது அலகாபாத்தின் எரிந்த ஊர்கள் அழிந்தன. ஆனால் இறக்கிவிட்டதோடு கணக்கு முடிந்ததா என்பதுதான் கேள்வி. ஏர் நகரத்தின் வெலிங்டன் சதுக்கத்தில் அதே நீலுக்கு இன்னொரு சிலை இன்றும் நிற்கிறது. அந்தமானில் அவன் பெயரில் இருந்த நீல் தீவு 2018 டிசம்பரில்தான் ஷஹீத் தீவு ஆனது. தியாகிகளின் தீவு. 1927இலிருந்து எண்ணினால் 91 ஆண்டுகள். பெயர்ப் பலகையை மாற்றினார்கள், சுற்றுலாப் படகு அதே நேரத்துக்குப் புறப்படுகிறது. நீல் யார் என்று படகில் இருக்கும் யாருக்கும் முன்பும் தெரியாது, இப்போது தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

2020 ஜூன் 7ஆம் தேதி பிரிஸ்டலில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைக் கூட்டம் கயிறு கட்டி இழுத்து, உருட்டிப் போய்த் துறைமுக நீரில் தள்ளியது. ஜென் ரீட் என்ற கறுப்பினப் பெண் காலியான பீடத்தில் ஏறி நின்று முஷ்டியை உயர்த்தினார். அடுத்த மாதம் ஒரு சிற்பி அவருடைய உருவத்தைச் செய்து அந்தப் பீடத்தில் இரவோடு இரவாக வைத்தார். ஒரு நாள்தான். அனுமதி இல்லை என்று நகராட்சி எடுத்துவிட்டது. கோல்ஸ்டன் அங்கே நின்றது 125 ஆண்டுகள். ஜென் ரீட் நின்றது ஏறத்தாழ 24 மணி நேரம்.

பிரிஸ்டல் அருங்காட்சியகம் செய்த ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. நீரிலிருந்து எடுத்த சிலையை நிமிர்த்தவில்லை. மேலே வீசிய சாயத்தைக் கழுவித் துடைக்கவில்லை. படுத்த நிலையில், சாயத்தோடு, போராட்டக்காரர்களின் அட்டைகளோடு வைத்தார்கள். பார்க்கிறவருக்கு அது வணிகரின் சிலை மட்டுமல்ல. அதற்கு என்ன நேர்ந்தது என்பதும் சேர்ந்த ஒரு பொருள்.

*

சிலைகளைப் பற்றி எவ்வளவு பேசினாலும் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறோம். சிலை செய்தவனைப் பற்றியது. செய்யப்பட்டவர்களைப் பற்றி அறிய, அவர்கள் பேச வேண்டும். பேசினால் கேட்க ஆள் வேண்டும். உலகத்தில் காலனிய ஆட்சிகள் கொஞ்சமாவது கணக்குக் கொடுக்க நேர்ந்த இடங்களில், வயதான பெண்கள் வந்து பேசியதை நான் பார்க்கிறேன்.

கென்யாவில் 1950களில் மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க பிரிட்டன் தடுப்பு முகாம்களை நடத்தியது. அங்கே வதைக்கப்பட்டவர்கள் 2009இல் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்காடியவர்களில் ஜேன் முத்தோனி மாரா ஒருவர். முகாமில் அவருக்கு நடந்தது பாலியல் வதை. அப்போது அவர் பதின்பருவப் பெண். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, பேரப் பிள்ளைகள் எடுத்த வயதில், வேற்று மொழி பேசும் நீதிமன்றத்தில் அதைச் சொன்னார். கிளர்ச்சி பற்றிய ஆவணங்களே இல்லை என்பதுபோல் இருந்த பிரிட்டிஷ் அரசு, வழக்கின் நெருக்கடியில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் 37 முன்னாள் காலனிகளின் கோப்புகளை ஒளித்து வைத்திருந்ததை 2011இல் ஒப்புக்கொண்டது. 2013 ஜூன் 6ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். 5,228 பேருக்காக 1 கோடியே 99 லட்சம் பவுண்டு. வருத்தம் என்ற சொல்லைத் தேர்ந்து வைத்தார்கள். சட்டப் பொறுப்பை ஏற்கவில்லை. தமிழாசிரியை என்ற முறையில் சொல்கிறேன்: வருந்துவதற்கும் மன்னிப்புக் கேட்பதற்கும் நடுவில் ஒரு எழுவாய் வேறுபாடு இருக்கிறது. வருத்தம் மழை பெய்வதற்கும் வரலாம். மன்னிப்புக் கேட்க, செய்தவர் நான் என்று சொல்ல வேண்டும்.

நைரோபியின் உஹுரு பூங்காவில் 2015இல் பிரிட்டனின் பணத்தில் ஒரு நினைவுச் சிற்பம் திறந்தார்கள். ஒரு பெண் போராளிக்கு உணவு கொடுக்கிறாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிடிபட்டால் காட்டிக்கொடுக்க முடியாதபடி, முகம் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. சோறு போட்ட கைக்கு நடுகல் கிடைத்த அரிய இடங்களில் அது ஒன்று.

கொரியாவில் கிம் ஹாக் சுன் 1991 ஆகஸ்ட் 14ஆம் தேதி முகத்தை மறைக்காமல் பொதுவெளியில் பேசினார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்தவர். ஜப்பானியப் படையின் பாலியல் அடிமையாகத் தான் வைக்கப்பட்டதை அவர் சொன்ன பிறகு, மற்ற நாடுகளின் பெண்களும் சொல்லத் தொடங்கினார்கள். 'ஆறுதல் பெண்கள்' என்று ஆணையிட்டவர்கள் வைத்த பெயர் அது. யாருக்கு ஆறுதல் என்பது சொல்லிலேயே தெரியும். 1992 ஜனவரியிலிருந்து புதன்கிழமைதோறும் சியோலில் ஜப்பானியத் தூதரகத்தின் முன் கூடினார்கள். ஆயிரமாவது புதன்கிழமையில், 2011 டிசம்பர் 14ஆம் தேதி, அங்கே ஒரு சிலை வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி. குதிகால் தரையில் படவில்லை. தரையில் விழும் அவளுடைய நிழல் ஒரு கிழவியின் நிழல். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி.

2015 டிசம்பரில் இரண்டு அரசுகளும் 100 கோடி யென்னுக்கு ஓர் ஒப்பந்தம் செய்து, இத்தோடு முடிந்தது என்றன. பேச்சுவார்த்தையில் அந்தச் சிலையும் ஒரு பொருளாக இருந்தது. பாதிக்கப்பட்ட பெண்களைக் கேட்காமல் செய்த ஒப்பந்தம் என்று அவர்களில் பலர் எதிர்த்தார்கள். பேரரசுக்கு ஆண் குதிரைமேல் இருக்கும் சிலையைப் பார்த்துப் பயம் வருவதில்லை. வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியைப் பார்த்துத்தான் வருகிறது.

இந்தக் கதையில் கொரியாவுக்கும் கூச்சம் இருந்தது. திரும்பி வந்த பெண்கள் நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாய் திறக்காததற்குக் காரணம் ஜப்பான் மட்டுமல்ல. கற்பு என்று ஒன்றை வைத்திருந்த சொந்த ஊரும்தான். காலனியத்தை எதிர்த்த தேசம், காலனியம் தொட்ட பெண்ணைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

நம்மிடமும் இப்படிப் பேசாத கணக்குகள் உண்டு. 1868இல் தொற்றுநோய்ச் சட்டம் இந்தியாவில் வந்தது. வெள்ளைச் சிப்பாய்களுக்கு மேகநோய் வராமல் இருக்க, பாலியல் தொழிலாளர் என்று பதிவு செய்யப்பட்ட பெண்களைக் கட்டாய உடற்பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். நோய் இருந்தால் லாக் ஆஸ்பத்திரி என்ற மருத்துவமனையில் அடைத்தார்கள். சென்னை மாகாணத்திலும் நடந்தது. 1888இல் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில் அந்தப் பெண்கள் எண்ணிக்கையாக இருக்கிறார்கள்: இத்தனை பேர் சேர்க்கை, இத்தனை பேர் விடுவிப்பு. நம் விடுதலை வரலாற்றில் அவர்கள் எண்ணிக்கையாகக்கூட இல்லை. பேச வந்த கிம் ஹாக் சுன் அவர்களில் ஒருவரும் இல்லை. வந்திருந்தாலும் நாம் எந்தத் திண்ணையில் உட்கார வைத்திருப்போம்?

*

மூன்றாம் ஆண்டு மாணவர்களை வருஷத்துக்கு ஒருமுறை எழும்பூருக்கு அழைத்துப் போகிறேன். நீலன் சிலையின் முன் நிற்க வைத்து, இதற்கு ஒரு விளக்கக் குறிப்பு எழுதுங்கள் என்பேன். ஐம்பது சொற்களுக்குள். பார்வையாளர் நின்று படிக்கும் நேரம் அவ்வளவுதான்.

எளிதான வேலை என்று நினைத்துத் தொடங்குவார்கள். ஐம்பது சொல்லில் யாரை விடுவது என்று வரும்போது சண்டை வரும். நீலின் பிறப்பு இறப்பு ஆண்டுகள் வேண்டுமா? சிற்பியின் பெயர்? பீபிகரைச் சொல்லாமல் அலகாபாத்தை மட்டும் சொன்னால் நேர்மையா? சொன்னால் எதை முதலில்? ஒரு மாணவன், கறையைத் துடைக்கச் சொன்ன ஆணையை மட்டுமே வைத்து முழுக் குறிப்பையும் எழுதினான். துப்புரவுப் பணியாளரின் மகன் அவன். "இரத்தம் தொடைக்கிறது தண்டனைன்னு எழுதியிருக்காங்க மேம். எங்க அம்மா ஆஸ்பத்திரியில தினமும் தொடைக்கிறாங்க" என்றான். அன்றைக்கு யாரும் அதன் பிறகு பேசவில்லை. பேருந்தில் திரும்பும்போது இரண்டு பெண்கள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

சென்ற ஆண்டு விவாதம் சிறுமியின் பெயரில் நின்றது. அம்மாக்கண்ணு என்று எழுதுவதா, லீலாவதி என்று எழுதுவதா? காந்தி வைத்த பெயர், வரலாற்றில் அதுதான் நிற்கிறது என்றார்கள் சிலர். "சிலைய எதிர்த்து வந்தப்ப அவ பேரு அம்மாக்கண்ணுதான மேம்? பேர மாத்தினப்ப அவளக் கேட்டாங்களா?" என்று எழுந்தாள் கடலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. கேட்டிருக்கலாம், அவளுக்குப் பிடித்தும் இருக்கலாம் என்றாள் இன்னொருத்தி. ஆசிரமத்துக்குப் போய்ப் படித்தது அவளுக்குக் கிடைத்த பெரிய வாசல் இல்லையா என்றாள். இரண்டு பேரும் சொன்னதில் நியாயம் இருந்தது. அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் அவர்களே ஒன்றாக எழுதிக் கொடுத்த குறிப்பை நான் என் அறையில் ஒட்டி வைத்திருக்கிறேன்:

"ஜேம்ஸ் நீல். 1857 ஜூனில் அலகாபாத் பகுதி ஊர்களைத் தீக்கிரையாக்கிய படையின் தலைவன். எரிந்தவர்களின் பெயர்கள் எழுதப்படவில்லை. இச்சிலையை அகற்றக் கோரி 1927இல் தண்டனை பெற்றவர்களில் கடலூர் அஞ்சலையம்மாளும், பின்னாளில் லீலாவதி என அழைக்கப்பட்ட அவர் மகள் அம்மாக்கண்ணுவும் உண்டு. சிலை 1937இல் சாலையிலிருந்து இறக்கப்பட்டது."

'முதலியோர்' என்ற சொல் அதில் இல்லை. எண்ணிப் பார்த்தேன், ஐம்பதுக்குள்தான் வருகிறது.